முதியோர் இல்லத்துக்கு மார்க் போடுகிறவன்

முதியோர் இல்லத்தை மதிப்பிடப் போகிறவனுக்கு முதலில் வேலை செய்ய வேண்டியது மூக்கு. கண்ணும் பேனாவும் அதற்குப் பிறகுதான். வாசலிலேயே பினாயில் வாடை தூக்கலாக அடித்தால், நாம் வருகிற சேதி அவர்களுக்கு முன்னமே எட்டிவிட்டது. ரசம் கொதிக்கிற வாசனை வந்தால் ஓரளவு நம்பி உள்ளே போகலாம். ஒரு வாசனையும் இல்லாத இடம்தான் எனக்குப் பயம்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு, இந்த மாவட்டத்து முதியோர் இல்லங்களுக்கு உதவி செய்யும் அறக்கட்டளை ஒன்று என்னைக் கூப்பிட்டது. நிர்வாகம் எப்படி, பணியாளர்கள் போதுமா, பெரியவர்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது என்று பார்த்து மார்க் போட வேண்டும். எனக்குத் துணை ஜெசிந்தா சிஸ்டர். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அதட்டத் தெரிந்தவர். தொழிற்சாலையில் எனக்கு வேலை சுலபம். பாகத்தைத் துளை போட்ட அளவுகோலில் வைத்தால் ஒன்று நுழையும், இல்லை நுழையாது. இங்கே அப்படி ஒரு அளவுகோல் இல்லை என்று புரியவே எனக்கு வெகு காலம் பிடித்தது. அம்மாவை எங்கே விடுவது, அப்பாவை யார் பார்ப்பது என்று நீங்களும் தவித்திருப்பீர்கள். இதுவரை தவிக்கவில்லை என்றால் இனிமேல் தவிப்பீர்கள். ஆகவே நமக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

புது விரிப்பு

பாகலூர் ரோட்டில் ஒரு இல்லம். நாங்கள் போன முதல் இடங்களில் ஒன்று. எல்லாக் கட்டிலிலும் பூப்போட்ட புது விரிப்பு. பாக்கெட்டிலிருந்து எடுத்த மடிப்புக்கோடுகூடக் கலையவில்லை. மேனேஜர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். நானும் நல்ல மார்க் போட்டுக்கொண்டே போனேன்.

பெண்கள் பகுதியில் ஒரு அம்மாள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். தளி பக்கத்துத் தெலுங்குக்காரர். கால் இரண்டையும் நீட்டி, முதுகைக் கட்டில் காலில் சாய்த்து, இடுப்பைப் பிடித்தபடி இருந்தார். “ஏம்மா கீழே உட்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்டேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அவசரமாக, “அவங்களுக்குத் தரைதான் சார் பழக்கம்” என்றார். ஜெசிந்தா சிஸ்டர் மேனேஜரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வெளியே அனுப்பிவிட்டு, அந்த அம்மாளின் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தார். தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். காலையிலிருந்து யாரும் கட்டிலில் ஏறக் கூடாது, விரிப்பு கசங்கிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாளே என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “நீங்க எப்போ கெளம்புவீங்க சாமி? இடுப்பு நோவுது, படுக்கோணும்.”

கிளிக்குப் பச்சை

பொழுதுபோக்கு என்று ஒரு தலைப்பு எங்கள் மதிப்பீட்டில் உண்டு. பெரும்பாலான இல்லங்களில் அதற்காகச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். காலையில் யோகா, அப்புறம் பஜனை, மாலையில் ஓவியம். ராயக்கோட்டை ரோட்டில் இருந்த இல்லத்தில் அந்த அட்டவணைப்படியே எல்லாம் நடந்தது; அதுதான் சிக்கல். ஓவிய நேரத்தில் எல்லாருக்கும் கிளிப்படம் போட்ட தாளும் மெழுகுக் கலரும் கொடுத்திருந்தார்கள். தங்கவேலு என்று ஒருவர் மட்டும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவர் மட்டும் ஒத்துழைக்க மாட்டேங்கறார் சார்” என்றாள் பொறுப்பாளர் பெண். விசாரித்தால், அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். தலைமுடியைவிட மெல்லிய அளவெல்லாம் பார்த்த கண். அவரிடம் போய்க் கிளியின் மூக்குக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அடித்ததும் கைதட்டியிருக்கிறார்கள். கைதட்டல்தான் அவருக்குத் தாங்கவில்லை.

இந்த இடத்தில் என் தொழிற்சாலைப் புத்தி வேலை செய்தது. “அவர்கிட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ரிப்பேரான ஏதாவது பொருளும் குடுங்க, ஆள் மாறிடுவார்” என்று யோசனை சொன்னேன். மேனேஜருக்குப் பயம், இருந்தாலும் கொடுத்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது மேனேஜர் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தங்கவேலு ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றை எடுத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அக்கக்காகப் பிரித்திருக்கிறார். திருப்பிச் சேர்க்க முடியவில்லை. கை நடுக்கம், எது எங்கே போகும் என்ற ஞாபகமும் இல்லை. “ஓடலைன்னாலும் ஃபேன்னு ஒண்ணு இருந்துச்சு சார். இப்ப அதுவும் போச்சு” என்றார் மேனேஜர்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. தோற்றுப் போனதாக நினைத்து மனிதர் ஒடிந்து போயிருப்பாரோ என்று பயந்துகொண்டே தங்கவேலுவிடம் போனேன். அவர் படுக்கையில் பாகங்களை ஒரு துண்டின் மேல் வரிசையாக அடுக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. “சேர்க்க வரலையாமே?” என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “பிரிச்சதெல்லாம் சேந்துதான் ஆகணும்னு என்ன சார் இருக்கு? ஒரு மத்தியானம் போச்சுல்ல.”

பாலிஷ்

பர்கூர்ப் பக்கம் கல் குவாரி முதலாளி ஒருவர், காலமான தன் அப்பா பேரில் ஒரு இல்லம் கட்டினார். நல்ல மனிதர். யாரிடமும் எதுவும் வாங்காமல் நடத்துகிறார். தரை முழுக்கக் கருங்கல். வெளிநாட்டுக்குப் போகிற அதே கல், அதே பாலிஷ். குனிந்தால் நம் முகம் தெரியும். ஆனால் கூடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லாரும் கட்டிலிலேயே இருந்தார்கள். கழிப்பறைக்குப் போகிற ஒருவரைக் கவனித்தேன்; சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு, ஆற்றைக் கடக்கிற மாதிரி கால் வைத்தார். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும் என்று எல்லாருக்கும் பயம். ஏற்கெனவே ஒரு அம்மாளுக்குக் கை முறிந்திருந்தது.

கட்டடம் பிரமாதம், தரை ஆபத்து என்று எழுதினேன். அதைப் படித்ததும் முதலாளிக்கு மனத்தாங்கல். “எங்கப்பா பேர்ல மட்டமான கல்லா போடுவேன்?” என்று ஜெசிந்தா சிஸ்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார். சிஸ்டர் ஒன்றும் வாதாடவில்லை. அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்லி, குளியலறையில் காலை நனைத்துவிட்டு, கூடத்தின் அந்தக் கோடி வரை போய்வரச் சொன்னார். முதலாளி பாதி தூரம் போய்விட்டு, வழுக்கிவிடுமே என்று கையை விரித்து நின்றார். அடுத்த வாரமே ஆட்களை வரவழைத்து, கல்லுக்கு நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கினார். இப்போது கூடத்தில் மாலை வேளையில் பெரியவர்கள் நடக்கிறார்கள். அதைக் காட்ட என்னை மறுபடி கூப்பிட்டார். காட்டிவிட்டு, மனசு ஆறாமல் சொன்னார்: “கல்லு பளபளக்கறதுக்கு நாங்க ரெண்டு தலைமுறை பாடுபட்டோம் சார், அதைக் கெடுக்க உங்களுக்கு ரெண்டு வரி போதுமாயிருந்துச்சு.”

மனெகெ ஹோகோணா

இந்தப் பக்கத்து இல்லங்களில் இருப்பவர்கள் மூன்று மொழி. பார்த்துக்கொள்பவர்கள் நான்காவது மொழி. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண் பிள்ளைகள்தான் பாதிப் பேர். அப்படி ஒரு இல்லத்தில் ரூபா என்று ஒடிசாப் பெண். சென்னப்பா என்ற மறதி நோய்க்காரரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவருக்குக் கன்னடம் தவிர எல்லாம் மறந்துபோய்விட்டது. அவளுக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மொழி தெரியாத பணியாளர் என்று மார்க்கைக் குறைக்கத் தயாராகவே போனேன்.

சென்னப்பா நாங்கள் பார்க்கும்போதே அவள் முந்தானையைப் பிடித்து, “மனெகெ ஹோகோணா” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய்க் களியைக் குழம்பில் கரைத்து எடுத்துவந்து ஊட்டினாள். அவரும் சாப்பிட்டார். பாதியில் திரும்பவும் “மனெகெ ஹோகோணா” என்றார். அவள் இன்னும் ஒரு வாய் கொடுத்தாள். “அவர் என்ன கேக்கறார் தெரியுமா?” என்று ஜெசிந்தா சிஸ்டர் கேட்டார். “பசி மேடம். எப்பவும் பசி. நான் குடுத்தா சாப்புடும்” என்றாள், பெருமையாக. சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, “பசி இல்லம்மா. ‘ஊட்டுக்குப் போலாம்’னு சொல்றார்” என்றார்.

ரூபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது. சென்னப்பா வாயைத் திறந்து காத்திருந்தார். அவள் அடுத்த வாயை ஊட்டிவிட்டு, அவர் மோவாயைத் துடைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே சொன்னாள்: “நானும் அதுதான் மேடம் சொல்றேன், மேனேஜர்கிட்ட. ஹோலிக்கு முன்னாடிலேர்ந்து சொல்றேன், ஊருக்குப் போணும்னு. லீவு தரல.”

சிங்காரப்பேட்டை மணியக்கா

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னமும் தீரவில்லை. சிங்காரப்பேட்டையைத் தாண்டி ஒரு தோட்டத்தில், மணியக்கா என்பவர் ஓட்டுக் கொட்டகையில் ஒரு இல்லம் நடத்திவந்தார். பதிவு கிடையாது. நர்ஸ் கிடையாது. எல்லாருக்கும் ஒரே கழிப்பறை. அட்டவணை, பஜனை ஒன்றும் இல்லை. நாங்கள் போனபோது உட்கார முடிந்தவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ யாருடைய மருமகளைப் பற்றியோ ஏதோ சொல்ல, கொட்டகை அதிரச் சிரித்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த முனியம்மா என்பவரும் படுத்தபடியே சிரித்தார். ஜெசிந்தா சிஸ்டர் அவரைப் புரட்டிப் பார்த்தார். முதுகில் ஒரு புண் இல்லை. பெரிய இல்லங்களில்கூட இப்படி ஒரு முதுகைப் பார்ப்பது அபூர்வம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

மத்தியானம் புளி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திடீரென்று வியர்த்து, பேச்சுக் குழறிச் சாய்ந்தார். சிஸ்டர் ஓடிப்போய் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். மட்டத்துக்கும் கீழே இருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். கண்ணைத் திறந்தார். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. மணியக்கா மாத்திரைகளை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு, நிறம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வெள்ளை மாத்திரைகள் மாறி, வேறொருவரின் சர்க்கரை மாத்திரை இவருக்குப் போய்விட்டது. “என் பெத்தவங்க மாதிரி பாத்துக்கறேன் சிஸ்டர்” என்று மணியக்கா அழுதார். “அது எனக்குத் தெரியுது. மாத்திரைக்குத் தெரியாதே” என்றார் சிஸ்டர். கொட்டகையில் அடுப்பும் சிலிண்டரும் முனியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

உயிருக்கு ஆபத்து என்று நாங்கள் எழுதினால், அறக்கட்டளை அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பஸ்ஸில் திரும்பினோம். ஊத்தங்கரை தாண்டியதும், “எழுதாம விட்டா, அடுத்த தடவை யாராவது சாயறப்ப நாம அங்க இருக்க மாட்டோம் சார்” என்றார் சிஸ்டர். எழுதினோம். மூடச் சொல்லாமல், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கும்படியும் எழுதினோம். வந்த அதிகாரி நியாயமானவர். சிலிண்டரை வெளியே மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து மாத்திரை பிரித்துவைக்க வேண்டும், நடமாடுகிறவர்கள் இங்கேயே இருக்கலாம், படுக்கையில் இருப்பவர்களை மட்டும் வசதியுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். முனியம்மாவைக் கிருஷ்ணகிரியில் ஒரு நல்ல இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்களே நல்ல மார்க் போட்ட இடம். நர்ஸ் உண்டு, தண்ணீர்ப் படுக்கை உண்டு. மாதம் திரும்புவதற்குள் முனியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். சிஸ்டர் போய் விசாரித்தார். கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டைத்தான் வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறார். மணியக்கா என்னைத் திட்டுவதற்காகத்தான் போன் செய்கிறார் என்று நினைத்து எடுத்தேன். அவர் திட்டவில்லை. “நீங்க எழுதுனதுல ஒரு தப்பும் இல்லீங்க சார். அதனாலதான் யாரைத் திட்டறதுன்னே தெரியல.”

பூட்டு

விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்தவர் செல்வி. மூக்கண்டப்பள்ளியில் ஒண்டுக் குடித்தனம். கணவர் இல்லை. ஒரு மின்சாதனக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கு மறதி நோய். ஒருநாள் செல்வி வேலைக்குப் போயிருந்தபோது அம்மா எழுந்து நடந்து, பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறார். யாரோ ஒரு ஆட்டோக்காரர் கையைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறார். அதிலிருந்து செல்வி வேலைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். கொஞ்ச தூரம் போகிற வரைக்கும் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்குமாம். அம்மா நாளெல்லாம் தட்டியபோது ஒன்றும் சொல்லாத அக்கம்பக்கத்தார், இல்லத்தில் விடப் போகிறேன் என்றதும், “பெத்தவளைக் கொண்டுபோய்த் தள்ளுறியா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எந்த இல்லத்தில் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், எங்கே சாப்பாடு சூடாக வரும், மறதி நோய்க்காரர்களை எங்கே அதட்டாமல் பார்த்துக்கொள்வார்கள், எங்கே பொழுதுபோக்கு என்ற பேரில் வதைக்க மாட்டார்கள் என்று விரிவாகவே சொன்னேன். செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாரே தவிர மனசு அதில் இல்லை. என் மனைவி கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில், “சார், அங்க பூட்டுவாங்களா?” என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. “வெளி கேட்டைப் பூட்டித்தான் வைப்பாங்கம்மா. பூட்டலைன்னா நானே மார்க்கைக் கொறைப்பேன். ஆனா உள்ளே தோட்டம், கூடம் எல்லாம் நடக்கலாம், கூட ஆள் இருக்கும்” என்றேன். செல்வி கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார். “அப்ப சேத்துடறேன் சார். பூட்டுற கை என் கையா இல்லாம இருந்தாப் போதும்.”

கேள்வி கேட்கிறவர்

கேள்வி கேட்பது எங்கள் வேலை என்றாலும், சில இடங்களில் அவர்கள் முந்திக்கொள்வார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் இல்லத்தில், மரத்தடி நாற்காலியில் இருந்த ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர், நான் பேனாவைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். “சாருக்கு எத்தனை பசங்க?” ஒரு பையன் என்றேன். “எங்கே இருக்கான்?” கனடாவில் என்றேன். “வருவானா?” வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றேன். அவர் பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். சாப்பாடு எப்படி, கவனிப்பு எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம் ரொம்பப் பொறுமையாக, ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கிளம்பும்போது சொன்னார்: “விசாரிச்சது விசாரிச்சீங்க, அப்படியே வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் பாத்துக்குங்க சார், கட்டில் போடறப்ப ஒதவும்.”

இத்தனை இல்லங்களுக்குப் போயும் எதற்கும் நான் முழு மார்க் போட்டதில்லை. நானும் மனைவியும் மட்டும் இருக்கிற என் வீட்டுக்கு மார்க் போட யாரும் வராததால்தான் அது இன்னும் வீடு என்ற பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது.